பாப் யாருக்கு மாமா?

காலை 11.50. இரும்புப் பெட்டி பூட்டியபடிதான் இருந்தது. உள்ளே கடிதம் இல்லை.

வினிஃப்ரெட் பாஸ்கோ சாவியைப் பிடித்தபடி நின்றாள். அது எப்போதும் அவள் கழுத்து நாடாவில் தொங்கும். வேறு சாவி கிடையாது. பேச்சுவழக்கு அகராதி அலுவலகத்தில் இருந்த நான்கு பேருக்கும் அது தெரியும்.

போனது ஒரே ஒரு தாள். 1868இல் ஒரு மீன்காரி தன் தங்கைக்கு எழுதியது. அதில் ஒரு வரி: ‘வெங்காயத்தைப் போட்டு மூடி வை, பாப் உன் மாமா.’ ‘பாப் உன் மாமா’ என்பது, வேலை சுலபமாக முடிந்தது என்பதற்கு லண்டனில் எல்லோரும் சொல்வது. யார் அந்த பாப், எதற்கு மாமா, யாருக்கும் தெரியாது. அகராதியின் முதல் பதிப்பு ஒரு கதை சொல்லியிருந்தது. 1887இல் பாப் என்ற ஒரு மந்திரி தன் சகோதரி மகனுக்குப் பெரிய பதவி கொடுத்தார், மக்கள் கேலி செய்தார்கள், அதிலிருந்து வந்ததாம். கடிதம் அதற்குப் பத்தொன்பது ஆண்டுகள் மூத்தது; அது அசலென்றால் அந்தக் கதை பொய்.

கடிதம் அசல்தானா என்று சோதிக்க அருங்காட்சியகத்து நிபுணர் மாலை நான்கு மணிக்கு வருகிறார்.

அகராதி ஆசிரியர் லட்லோ கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“நாலு மணிக்குள்ள கிடைக்கலேன்னா நீங்க கிளம்பலாம், மிஸ் பாஸ்கோ. நற்சான்று எதிர்பார்க்காதீங்க.”

1934 பிப்ரவரி. நற்சான்று இல்லாத குமாஸ்தாவுக்கு லண்டனில் எங்கே வேலை?

பகல் 12.30. இன்ஸ்பெக்டர் ஸ்ட்ரூட் நனைந்த தொப்பியோடு வந்தார். அலமாரிகள், கோட்டுப் பைகள், கணப்புச் சாம்பல் என்று எல்லாவற்றையும் கிளறிப் பார்த்தார். தாள் எதுவும் எரியவில்லை. பெட்டிக்குள் ஒரு ரோஜா நிற அட்டை கிடந்தது. பெரிய எழுத்துகளில் ‘மாமா’ என்று மட்டும் இருந்தது.

“இது என்ன?”

“எங்க வழக்கம்” என்றார் லட்லோ. “எதை எடுத்தாலும் அந்த இடத்துல இப்படி ஒரு அட்டை வெச்சு, அது எந்தச் சொல்லுக்குக் கீழ சேருமோ அந்தத் தலைச்சொல்லும், எடுத்தவர் பேரோட முதலெழுத்தும் எழுதணும்.”

“முதலெழுத்தைக் காணோமே.”

“திருடன் கையெழுத்தா போடுவான்?” என்றான் உதவியாசிரியன் சிட்னி காரோ.

ஸ்ட்ரூட் வினிஃப்ரெட்டைப் பார்த்தார். “அட்டையெல்லாம் யார்கிட்ட இருக்கும்?”

“என்கிட்ட” என்றாள்.

“சாவி?”

இதைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பெயரே போகும்.

“பதினோரு மணி டீ முடிஞ்சு கீழ கப் கழுவறப்ப, தொட்டில விழுந்துடுமேன்னு சாவியைக் கழட்டி ஆணில மாட்டுவேன். இன்னிக்கும் மாட்டினேன்.”

“எவ்வளவு நேரம்?”

“பத்து நிமிஷம். பிஸ்கட் டப்பாவையும் கழுவினேன்.”

லட்லோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அதுக்கப்புறம் யாராவது வெளிய போனாங்களா?”

“நான்தான்” என்றான் காரோ. “பதினொண்ணே முக்காலுக்குத் தபால் போட்டேன். தெருமுனைவரைக்கும் பதினேழு கவரைத் தூக்கிட்டு. நான் என்ன தபால் குதிரையா?”

“உங்களுக்குப் பணமுடைன்னு கேள்வி.”

“எனக்கு எப்பவும் பணமுடைதான் சார். அதுக்காக மீன்காரி கடுதாசியைத் திருடி யார்கிட்ட விக்கறது? மீனுக்கா?”

மூத்தவர் ஆம்ப்ரோஸ் டக்வெல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். முப்பது ஆண்டுச் சேவை. “எனக்கு ஒண்ணும் தெரியாது இன்ஸ்பெக்டர். நான் டீ குடிச்சேன், வேலையைப் பார்த்தேன்.”

பகல் 1.40. யாரையும் வெளியே விடவில்லை. வினிஃப்ரெட் தன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே டக்வெல் ஓர் இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“என்ன சார் தேடுறீங்க?” காரோ கேட்டான்.

“‘பூனையும் நாயுமா கொட்டுது’ன்னு மழையைச் சொல்வாங்களே, அந்தச் சீட்டு.”

“நாய் இழுப்பறைல எப்படிக் கிடைக்கும்? பூனைல பாருங்க. லட்லோ சார் வந்து ஆறு வருஷமாச்சு. நீங்க இன்னும் பழைய ஆசிரியர் காலத்துலயே இருங்க.”

டக்வெல் சிரித்து, இழுப்பறையை மூடினார்.

வினிஃப்ரெட் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவள் தன் காலைக் குறிப்பை எடுத்தாள். இன்று வெளியூர் வாசகர்களுக்கு அனுப்ப அவள் தயார் செய்த கவர்கள் பதினாறு. மறுபடி எண்ணினாள். பதினாறு.

மணி 1.55. எழுந்து, கூடத்திலிருந்த ஸ்ட்ரூட்டைக் கூப்பிட்டாள்.

“இன்ஸ்பெக்டர், போன் பண்ணுங்க. கடிதம் தபால்ல இருக்கு.”

“எந்தத் தபால்ல?”

“நான் கட்டினது பதினாறு. காரோ கொண்டுபோனது பதினேழு.”

“ஏய் வின்னி!” காரோ எழுந்தான். “என்னையா சொல்றே?”

“உன்னைச் சொல்லல. திருடினவன் அதை எண்ணிச் சொல்லிட்டு இருப்பானா? உக்காரு.” பிறகு டக்வெல் பக்கம் திரும்பாமலே முகவரியைச் சொன்னாள். கேம்டன், பிராட் தெரு, ஒன்பது. “லண்டனுக்குள்ள இன்னிக்கே, மூணு மணி டெலிவரிக்கு அங்க போய்ச் சேரும்.”

டக்வெல்லின் வாடகை அறை அது. அவர் கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

ஸ்ட்ரூட் தொலைபேசியை எடுத்தார்.

காத்திருந்தார்கள். 2.30. 3.00. யாரோ டீ போட்டார்கள், யாரும் குடிக்கவில்லை. 3.20. தான் சொன்னது தவறென்றால், ஒரு முதியவரின் மேல் பழி போட்ட பாவமும் சேரும். வினிஃப்ரெட் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினாள்.

3.38. கேம்டனிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் வந்தார். வீட்டுக்காரி கையிலிருந்து வாங்கிய கவர். அலுவலகக் கவர்தான். பிரிக்கவில்லை.

“உங்க பேருக்கு வந்திருக்கு மிஸ்டர் டக்வெல்” என்றார் ஸ்ட்ரூட். “நீங்களே பிரிங்க.”

அவர் கத்தியால் ஓரத்தை நேராக வெட்டினார். மீன்காரியின் கடிதம் மேசைமேல் விழுந்தது.

ஸ்ட்ரூட் வினிஃப்ரெட்டிடம் திரும்பினார். “அட்டையைப் பார்த்து நான் உங்களைத்தான் நினைச்சேன்.”

“எல்லாரும் அட்டையைப் பார்த்தீங்க. அதுல இருந்த சொல்லைப் பார்க்கல. லட்லோ சார் வந்ததுலேர்ந்து, ஒரு சொல்வழக்குல முதல்ல வர்ற பெயர்ச்சொல்லுலதான் சேர்க்கிறோம். நானோ காரோவோ எழுதியிருந்தா ‘பாப்’னு எழுதியிருப்போம். கடைசிப் பெயர்ச்சொல்லுல சேர்க்கிறது பழைய ஆசிரியர் பழக்கம். அவர்கிட்ட வேலை பழகினவர் இங்க ஒருத்தர்தான். அவசரத்துல கை பழைய வழிக்குப் போயிடுச்சு.” அவள் டக்வெல்லைப் பார்த்தாள். “மந்திரி கதைச் சீட்டுல இருக்கிறது உங்க முதலெழுத்துதான், சார்.”

“அந்தக் கதையை ஒரு சாராயக்கடையில கேட்டேன்” என்றார் டக்வெல். “ஆதாரம் தேடினேன், கிடைக்கல. இருந்தும் எழுதிட்டேன். இப்ப பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க அதைப் படிக்குது.”

“சரி, எடுத்ததுதான் எடுத்தீங்க” என்றான் காரோ. இம்முறை கேலி இல்லை. “கணப்புல போட்டிருந்தா முடிஞ்சிருக்குமே சார்? பக்கத்துலயே எரியுதே.”

டக்வெல் அவனை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“எரிக்கிறதா? 1868டா அது.”

மாலை 3.55. ஸ்ட்ரூட் அவரைக் கைப்பிடித்து அழைத்துப்போனார். லட்லோ தொண்டையைச் செருமினார்.

“மிஸ் பாஸ்கோ, நாளைக்கு வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்துடுங்க.”

“சரி சார்.”

அவள் கடிதத்தைப் பெட்டியில் வைத்து, ரோஜா அட்டையை வெளியே எடுத்தாள். பிறகு பாப் இழுப்பறையைத் திறந்து, மந்திரி கதைச் சீட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். கீழே எழுதினாள்: தோற்றம் தெரியவில்லை. வி.பா.

வாசல் மணி அடித்தது. நிபுணர். வினிஃப்ரெட் பெட்டியைப் பூட்டினாள். சாவியை நாடாவில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள். பிற்பகல் டீ கப்புகள் கழுவாமலே கிடந்தன.