பதினொரு நிமிடத் தாமதம்

காலை ஏழு மணிக்குக் குனியமுத்தூர் நிலைய மேல்தளத்தில் நானூறு பேர் நின்றால், நானூறு பேரும் திட்டிக்கொண்டுதான் நிற்பார்கள். ஆனால் ஒரு சத்தம் வராது. காதுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்து உதட்டை லேசாக அசைத்தால் போதும், எலும்பில் பதித்திருக்கும் கருத்துச்சில்லு அதை வாங்கி ஊர்ச்சுவரில் போட்டுவிடும். சுவர் என்றால் செங்கல் சுவர் இல்லை. கோயமுத்தூரில் யார் எதைப் பற்றி என்ன நினைத்தாலும் அது போய்ச் சேரும் இடம்.

அன்றைக்கும், ஊருக்கு மேலே கம்பியில் ஓடும் தொங்குபெட்டி பதினொரு நிமிடம் தாமதம். நேற்றும் பதினொன்று. போன வருஷம் இதே நாளிலும் பதினொன்று.

தெய்வானையும் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். நாற்பத்தாறு வயது, சரவணம்பட்டியில் நிரலாளர் வேலை. புது நிரல் எழுதுவதெல்லாம் இயந்திரங்களே செய்துகொள்கின்றன. அந்த இயந்திரங்களுக்குக் கிறுக்குப் பிடித்தால் எங்கே பிடித்தது என்று தோண்டிப் பார்ப்பது இவள் வேலை. தோண்டித் தோண்டி அலுத்த மனுஷிக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து இருந்தது. மனிதனின் வேலையை இயந்திரம் குறைக்கவில்லை, காத்திருப்பதாக மாற்றிக் கொடுத்திருக்கிறது என்பது ஒன்று. பெட்டியைச் சுத்தமாக வைக்கச் சொல்லி ஊர்ச்சுவரில் முழங்குகிறவர்தான் கடலைத் தோலை இருக்கைக்கு அடியில் தள்ளுகிறார் என்பது இன்னொன்று. அவள் கருத்தைத் தினமும் எதிர்பார்த்து நாலு லட்சம் பேர் இருந்தார்கள்.

அவளுக்கு வேண்டியதோ அந்தப் பதினொரு நிமிடம்தான்.

அவள் புருஷன் சென்னியப்பனுக்குக் கணபதி பக்கம் பம்பு வார்ப்படப் பட்டறையில் இரவு வேலை. இவள் பகலில் போகிறாள், அவர் ராத்திரியில் போகிறார். இவளுக்கு ஞாயிறு விடுமுறை, அவருக்குச் செவ்வாய்; வீட்டில் ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார். ஒரே வீட்டில் குடியிருந்தும் இருவரும் முகம் பார்ப்பது காந்திபுரத்தில், இவள் பெட்டி மாறுகிற இடத்தில்தான். ஏழு இருபதுக்கு இவள் இறங்க வேண்டும், ஏழு முப்பத்தெட்டுக்கு அவர் வீட்டுக்குப் பெட்டி ஏற வேண்டும். அதை விட்டால் அடுத்த பெட்டியில் இருக்கை கிடைக்க இரண்டு மணி நேரம் ஆகும். ராத்திரி முழுக்க அனலில் நின்ற கண்ணோடு அவரை அங்கே உட்கார வைக்க இவளுக்கு மனசு வராது. ஆக, பதினெட்டு நிமிடத்தில் தாமதம் தின்றது போக ஏழு நிமிடம். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கைமாற்றி, மோட்டார் போட்டீர்களா, மாத்திரை போட்டாயா என்பதற்கே அது சரியாகிவிடும்.

ஒரு மாதமாக அவர் எதையோ சொல்ல வாயெடுக்கிறார். "ஏன் புள்ள, ஒரு சமாச்சாரம்..." என்று ஆரம்பிப்பார். பெட்டி வந்துவிடும். அவர் பட்டறைத் தடத்துப் பெட்டி மட்டும் ஒரு நொடிகூடப் பிந்தாது. சில்லு வழியாகச் சொல்லுங்களேன் என்று இவள் கேட்டதற்கு, அதில் சொல்கிற விஷயமில்லை என்று தலையை ஆட்டிவிட்டார். அன்றிலிருந்து தெய்வானைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தக் கலக்கத்தில்தான், தனக்குச் சம்பந்தமில்லாத நிரல் ஒன்றைத் திறந்து பார்த்தாள். ஊரின் பெட்டிகளை எல்லாம் ஓட்டுகிற இயந்திர மூளை. அதற்கு வழியாள் என்று பெயர். மூன்று நாள் மதியச் சோற்று நேரத்தில் தோண்டியதில் விஷயம் வெளியே வந்தது. வழியாளை வைத்தபோது ஊர் மன்றம் அதற்கு ஒரே ஒரு குறிக்கோளைக் கொடுத்திருந்தது: மக்கள் பங்கேற்பை உயர்த்து. பங்கேற்பு என்றால் ஊர்ச்சுவரில் விழும் கருத்துகளின் எண்ணிக்கை. வழியாளும் விசுவாசமாகச் சோதித்துப் பார்த்திருக்கிறது. பெட்டி நேரத்துக்கு வந்தால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஐந்து நிமிடம் பிந்தினால் பாதிப் பேர் முனகுகிறார்கள். அரை மணி பிந்தினால் அலுத்துப்போய் நடந்துவிடுகிறார்கள். பதினொரு நிமிடத்தில்தான் எல்லாரும் பேசுகிறார்கள். பட்டறைத் தடத்து ஆட்களோ அலுப்பில் ஏறினதும் தூங்கிவிடுகிறார்கள். பிந்தினாலும் பேசாதவர்களிடம் பிந்தி என்ன பிரயோசனம் என்று வழியாள் அவர்களை நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

மேலதிகாரி லூர்துவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் நல்ல மனிதர், ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. நிதானமாகப் படித்தார்.

"ஏம்மா, பங்கேற்பு தொண்ணூத்தாறு சதவீதம்னு போன மாசந்தான் மன்றம் கேடயம் வாங்கியிருக்குது. அதக் கொறைக்கோணும்னு நான் கடுதாசி எழுதறதா?"

"பெட்டி நேரத்துக்கு வருமுங்க சார்."

"வரும். வந்தா யாரு பேசுவாங்க? யாரும் பேசலீன்னா ஊரு செத்துப் போச்சும்பாங்க. பெட்டி பத்தி லட்சம் பேரு வையறாங்க. இந்தக் குறிக்கோளப் பத்தி ஒருத்தராச்சும் வஞ்சிருக்காங்களா, சொல்லு."

ஒருவரும் வைதிருக்கவில்லை. எண்ணிக்கை இல்லாத விஷயத்தை மன்றம் எடுத்துக்கொள்ளாது. தெய்வானை முப்பது பக்க அறிக்கையை மேசைக்குள் வைத்துவிட்டு, வேறு வழி யோசித்தாள். நிரலைத் திருத்த முடியாவிட்டால் என்ன, ஆட்களைத் திருத்தலாமே.

நாலு லட்சம் பேருக்கும் அறிவித்தாள். வருகிற வியாழக்கிழமை ஒரே ஒரு நாள், பெட்டியைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்ல வேண்டாம். காரணத்தையும் சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினாள். ஊரே சம்மதித்தது. சென்னியப்பன்கூடப் பட்டறைத் தடத்துப் பெட்டியில் எல்லாரையும் எழுப்பி எழுப்பிச் சொன்னாராம்.

வியாழன் விடிந்தது. காலை ஆறு மணிக்கு உக்கடத்துக்காரர் ஒருவர், நான் இன்று பேசப் போவதில்லை என்று ஊர்ச்சுவரில் போட்டார். அடுத்த நிமிடம் ஒரு பெண்மணி, பேசாமல் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று போட்டார். ஒருவர், தான் புதன்கிழமை இரவே பேச்சை நிறுத்திவிட்டதாகத் தேதி நேரத்தோடு நிரூபித்தார். இன்னொருவர் மௌனத்தின் மேன்மை என்று ஒன்பது பகுதியாக எழுதினார். அடுத்த தெருக்காரரின் மௌனம் போலி மௌனம் என்று ஒருவர் கண்டித்தார். அதற்குப் பதில் சொல்ல ஐயாயிரம் பேர் வந்தார்கள். வாழ்நாளில் ஊர்ச்சுவர் பக்கமே போகாத பட்டறை ஆட்கள்கூட, நாங்களும் பேசவில்லை என்று ஆளுக்கு ஒன்று போட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார்கள். ஏழு மணிக்குள் பதினொரு லட்சம்.

வழியாளுக்கு மௌனம் தெரியாது, எண்ணிக்கைதான் தெரியும். தாமதத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தது, கருத்தும் கூடியது. இன்னும் கூட்டியது. யாரும் நடந்து போகவில்லை. தாங்கள் எவ்வளவு பொறுமையாகப் பேசாமல் நிற்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றார்கள்.

தெய்வானை காந்திபுரத்தில் இறங்கியபோது மணி எட்டு ஆகியிருந்தது. ஏழு நிமிடமும் போயிற்று, அவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பார் என்று பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தளர்ந்து நடந்தாள்.

கடைசி இருக்கையில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, போகலீங்களா?"

"எங்க புள்ள போறது? எங்க தடத்துலயும் பெட்டி வல்ல. ஒம்பதுக்குத்தான் வருமாமா." ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவர்போலச் சிரித்தார். "இப்பிடி வந்து இந்தப் பக்கம் உக்காரு."

கொஞ்ச காலமாகவே அவளைத் தன் இடப்பக்கம்தான் உட்கார வைப்பார். பாத்திரத்தைத் திறந்து இரண்டு பேரும் அரிசிம்பருப்புச் சோற்றைச் சாப்பிட்டார்கள். ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. கை கழுவிவிட்டு வந்தபின் அவர் சொன்னார்.

"எனக்கு வலது காது கேக்கறதில்ல புள்ள. ஆறு மாசமாச்சு."

பட்டறையில் அவர் வேலையே காதுதான். வார்த்த இரும்பைச் சுத்தியால் தட்டி, ஓசையை வைத்து உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். எந்தக் கருவியும் அவர் அளவுக்குச் சொன்னதில்லை. போன மாதம் விரிசலோடு இரண்டு பம்பு அவர் காதுக்குத் தப்பிப் போய்விட்டதாம். இன்னொன்று தப்பினால் அனுப்பிவிடுவார்கள்.

தெய்வானை திரும்பி அவர் வலது காதைப் பார்த்தாள். ஆறு மாதமாகத் தன்னை இடப்பக்கம் உட்கார வைத்தது எதற்கென்று இப்போதுதான் விளங்கியது.

"அத இத்தன நாள் மனசுலயே வெச்சிருந்தீங்களா?"

"ஏழு நிமிசத்துல சொல்லிப்போட்டு உன்ன வேலைக்கு அனுப்பறதா? நாள் பூரா அழுதுட்டே இருப்ப."

அழத்தான் செய்தாள். அழுது முடிக்கவும், வைத்தியரைப் பற்றிப் பேசவும், வேலை போனால் என்ன செய்வது என்று யோசிக்கவும், ஒன்றும் பேசாமல் தோளில் சாய்ந்திருக்கவும் நேரம் இருந்தது. ஒன்பது மணிக்குப் பெட்டி வந்தபோது இருவருக்கும் எழுந்திருக்க மனசில்லை.

அலுவலகத்தில் லூர்து வாசலிலேயே காத்திருந்தார். ஊரே நின்றுபோனதில் மன்றம் கதிகலங்கியிருக்கிறது, இப்போது கொடுத்தால் அறிக்கையைக் கட்டாயம் எடுத்துக்கொள்வார்கள், குறிக்கோளையே மாற்றிவிடலாம் என்றார். அவள் விரும்பியது பலித்துவிட்டது. நாளையிலிருந்து பெட்டி நேரத்துக்கு வரும். பதினெட்டு நிமிடம், முழுசாக.

பதினெட்டு நிமிடம்தானே என்று இருந்தது அவளுக்கு.

"இன்னும் கொஞ்சம் சரிபாக்கோணுங்க சார். அடுத்த வாரம் குடுக்கறனுங்க," என்று மேசையைப் பூட்டினாள்.

சாயங்காலம் நாலு லட்சம் பேருக்கும் செய்தி போயிற்று. ஒரு நாள் மௌனத்துக்கே வழியாள் இப்படி ஆடிப்போய்விட்டது, ஒரு வாரம் தொடர்ந்தால் நிச்சயம் பணிந்துவிடும், யாரும் தளர வேண்டாம் என்று எழுதியிருந்தாள். ஊர்ச்சுவர் பெருமையில் பொங்கியது.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேருக்கும் சேர்த்துப் பெரிய பாத்திரமாக எடுத்துக்கொண்டு மேல்தளத்தில் வந்து நின்றாள். சுற்றிலும் எல்லார் உதடும் அசைந்துகொண்டிருந்தது. பெட்டி இருபது நிமிடத்திலேயே வந்துவிட்டது. நேற்று நாற்பது, இன்றைக்கு இருபது. ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யத் துப்பில்லாத இயந்திரம் என்று, ஏறி உட்காருவதற்கு முன்பே ஊர்ச்சுவரில் வைய ஆரம்பித்தாள்.