கத்திரிக்கோலைக் கீழே வைங்கப்பா!

துருவி என்பது அவளுடைய பெயர் அல்ல. எதைக் கண்டாலும் துருவித் துருவிக் கேட்பதால் அப்பா வைத்த பட்டம் அது.

அப்பா தையல்கடை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் துருவி நேராக அங்கேதான் வருவாள். கடையில் அவளுக்குப் புதிதாக ஒரு துணை கிடைத்திருந்தது: காஜா அக்கா. சட்டையில் பட்டன் நுழையும் துளையைச் சுற்றித் தைப்பதுதான் காஜா. அக்கா எடுத்த காஜாவில் ஒரு நூல்கூடப் பிசிறாது.

ஒரு நாள் அக்கா மாத்திரை விழுங்குவதைத் துருவி பார்த்துவிட்டாள்.

“காய்ச்சலாக்கா?”

“இல்லம்மா.”

“தலைவலியா?”

“அதுவும் இல்ல.”

“அப்போ நல்லா இருக்கறவங்க எதுக்கு மாத்திரை சாப்பிடணும்?”

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். “நீ விடமாட்டியே! எனக்கு வலிப்பு இருக்கு. எப்பவாவது வரும். வராம இருக்கத்தான் மாத்திரை.”

“ஒட்டுமா?”

“ஒட்டாது.”

“வலிக்குமா?”

“அந்த நேரத்துல எனக்கு ஒண்ணுமே தெரியாது. மூளைக்குள்ள ஓடுற கரண்ட் கொஞ்ச நேரம் தாறுமாறா ஓடும். கை காலெல்லாம் உதறும். அப்புறம் தானா நின்னுடும். பார்க்கறவங்கதான் பயந்துபோய், உதவி பண்றேன்னு என்னென்னவோ பண்ணிடுவாங்க.”

“சரி, என்ன பண்ணணும்?”

அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள். துருவி உடனே சட்டை மாட்டும் பொம்மையைத் தரையில் படுக்க வைத்தாள். தலைக்கு அணையாக ஒரு துணியை மடித்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா, இவருக்குத் தலையே இல்லையே!”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அப்பாவுக்கு இது தெரியுமாக்கா?”

அக்காவின் சிரிப்பு நின்றது. “நானே சொல்றேன். கொஞ்ச நாள் போகட்டும். போன கடையில சொன்னேன். மறுநாளே என் முக்காலியில வேற ஆள் உட்கார்ந்திருந்தாங்க.”

அடுத்த வாரம் அவசரமாக நிறையச் சீருடைகள் தைக்க வேண்டியிருந்தது. அக்கா வீட்டுக்கும் சட்டைகளை எடுத்துப்போய்க் கண்விழித்துக் காஜா எடுத்தாள்.

அப்படி ஒரு நாள் சாயங்காலம் பஸ் கண்டக்டர் ஒருவர் பேண்ட் தைக்கத் துணியோடு வந்திருந்தார். அப்பா அவருக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா ஊசியைப் பிடித்தபடியே எங்கோ வெறித்தாள். மறுகணம் முக்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள். கை கால்கள் உதறின.

“ஐயோ, வலிப்பு! கையில இரும்பைக் குடுங்க!” என்று கத்தினார் கண்டக்டர்.

தையல்கடையில் சட்டென்று கைக்கு வரும் இரும்பு எது? அப்பா பெரிய கத்திரிக்கோலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

“கத்திரிக்கோலைக் கீழே வைங்கப்பா!”

“இரும்பு பட்டாத்தான் நிக்கும், தள்ளு!”

“நிக்காது! உதறுற கையில அதைக் குடுத்தா கண்ணுல குத்திடும்ப்பா!”

அப்பா தன் கையைப் பார்த்தார். தான் தூக்கி வந்தது என்ன என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கத்திரிக்கோல் மேஜைக்குப் போனது.

‘சாமி, கூடவே இரு’ என்று முணுமுணுத்தபடி துருவி முக்காலியைத் தள்ளினாள். அக்காவின் கையிலிருந்து நழுவிய ஊசியைத் தேடி எடுத்தாள். கண்டக்டரின் புதுத் துணியை மடித்து அக்காவின் தலைக்கு அடியில் வைத்தாள்.

“அது வாடிக்கையாளர் துணி!” என்றார் அப்பா.

“என் துணிதானே, இருக்கட்டும்” என்றார் கண்டக்டர்.

“பிடிச்சு அமுக்காதீங்கப்பா. வாயில எதையும் வைக்கக் கூடாது. மாமா, மணியைப் பாருங்க. அஞ்சு நிமிஷத்தைத் தாண்டினா ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்.”

வாசலில் கூட்டம் கூடியது. கண்டக்டர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே குரல் கொடுத்தார். “உள்ளே இடமில்லை! நகருங்க, நகருங்க! காத்து வரட்டும்!” பழகிய குரல். கூட்டம் தானாக நகர்ந்தது.

உதறல் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது.

“ரெண்டு நிமிஷம்கூட ஆகல” என்றார் கண்டக்டர், பெருமூச்சு விட்டு.

துருவியும் அப்பாவும் அக்காவை மெதுவாக ஒருபக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தார்கள். அப்பா தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

“நல்லா முழிச்சுப் பேசட்டும்ப்பா. அப்புறம் குடுக்கலாம்.”

சற்று நேரத்தில் அக்கா விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்பதே அவளுக்குப் புரியவில்லை. துருவி கையைப் பிடித்துக்கொண்டு, “கடையிலதான் இருக்கீங்கக்கா. எல்லாம் சரியாயிடுச்சு” என்றாள்.

பேச்சுத் தெளிந்ததும் அக்கா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சுவரைப் பிடித்து எழுந்து தன் பையை எடுத்தாள்.

“மன்னிச்சிடுங்கண்ணா. நான் கிளம்பறேன்.”

“ஏன் முன்னாடியே சொல்லல?”

அக்கா பையைத் தோளில் மாட்டினாள். துருவி குறுக்கே வந்து நின்றாள். “சொன்னா வேலை போயிடும்னு பயம்ப்பா. தூக்கம் கெட்டாலும் இது வருமாம். நேத்து ராத்திரி அக்கா தூங்கவே இல்ல.”

அப்பா குவிந்து கிடந்த சீருடைகளைப் பார்த்தார்.

“தூங்க விடாதவன் நான்தானே” என்றார் மெதுவாக. பிறகு அக்காவின் பையை வாங்கிக்கொண்டு ஒரு பாயை விரித்தார். “முதல்ல படும்மா. மத்ததை அப்புறம் பேசலாம்.”

“எனக்கு இப்போ பேண்ட் ஒண்ணும் அவசரமில்ல” என்றார் கண்டக்டர்.

அக்கா அயர்ந்து தூங்கினாள். சத்தம் வரக் கூடாது என்று அப்பா தையல் மெஷினைத் தொடவே இல்லை. அவரும் கண்டக்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து எதையோ தூக்கினார்கள். துருவி விரலை உதட்டில் வைத்தபடி முன்னால் நடந்து வழிகாட்டினாள்.

அக்கா எழுந்தபோது, அவள் இடத்துக்குப் பக்கத்திலேயே சூடான பெட்டியோடு எப்போதும் நின்ற இஸ்திரி மேஜை கடையின் மறுகோடிக்குப் போயிருந்தது. அவளுடைய முக்காலியையும் காணவில்லை. அந்த இடத்தில், சாய்ந்து உட்கார முதுகும் கையும் வைத்த அப்பாவின் நாற்காலி இருந்தது.

முக்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். நாற்காலியின் மேல், காஜா எடுக்க வேண்டிய சட்டைகள் அக்காவுக்காகக் காத்திருந்தன.