ஏழாம் தறி நின்ற நிமிடம்

"ஐயோ...!"

கூட்டிப் பெருக்க வந்தவள் போட்ட அலறலில் ஆவே ஆற்றோர நெசவாலையே நடுங்கியது. காலை மணி ஒன்பது.

ஏழாம் தறிக்குப் பின்னால் சூப்பர்வைசர் ஃபிர்மினோ குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த ஸ்பானர்!

விழும்போது அவர் கை, தறியில் குறுக்கே ஓடும் ஊடை நூலை அறுத்திருந்தது. நூல் அறுந்தால் தறி தானே நிற்கும். நின்றிருந்தது.

பத்து மணிக்குள் அந்தத் தறியை ஓட்டும் அபீலியோவுக்கு விலங்கு மாட்டிவிட்டார் இன்ஸ்பெக்டர் கெய்ரோஷ்.

"நான் கொல்லல சார்! எட்டு இருபத்தஞ்சுக்கே காபிக் கடைக்குப் போயிட்டேன்..."

"கொன்னுட்டுப் போயிருப்பே. நேத்து அவரோட கட்டிப் புரண்டு சண்டை போட்டவன்தானே நீ?"

"அக்கா! நீயாவது சொல்லேன்..."

அக்கா ஒட்டீலியா முன்னால் வந்தாள். ஒவ்வொரு தறியின் வேகத்தையும் கணக்கிடுவதுதான் ஆலையில் அவள் வேலை. நின்ற தறியிலிருந்து நூல் சுற்றிய கோனைக் கழற்றி எடை போட்டாள். அவள் தூக்கி வளர்த்த தம்பி...!

"சார், ஒரு நிமிஷம்."

"சொல்லும்மா."

"இது நிமிஷத்துக்கு நானூறு தடவை ஊடை நூல் போடற தறி. துணி அகலம் ரெண்டு மீட்டர். ஆக, நிமிஷத்துக்கு எண்ணூறு மீட்டர் நூல் போகும். எட்டு மணிக்கு மாட்டின புதுக் கோன் இது. எடையை வச்சுப் பார்த்தா இருபத்துநாலாயிரம் மீட்டர் குறைஞ்சிருக்கு."

இன்ஸ்பெக்டர் மனதுக்குள் வகுத்தார். "முப்பது நிமிஷம்..."

"எட்டரைக்குத் தறி நின்னிருக்கு. அப்பதான் கொலை! என் தம்பி அப்போ காபிக் கடையில!"

"அபத்தம்!"

குறுக்கே பாய்ந்தார் மேனேஜர் காஷ்பார். போர்த்தோ நகரில் இருந்ததாகச் சொன்னவர், போன் போனதும் ஒன்பதரைக்குத்தான் வந்து சேர்ந்திருந்தார்.

"நானூறாம் நானூறு! இன்னைக்கு அது ஐநூறுல ஓடுச்சு. நிமிஷத்துக்கு ஆயிரம் மீட்டர். எட்டு இருபத்துநாலு ஆகுது. இவன் இங்கேதான் இருந்திருக்கான்!"

அபீலியோ தலையைத் தொங்கப் போட்டான்.

ஒட்டீலியா மெல்லத் திரும்பினாள்.

"ஐநூறுன்னு யார் சார் சொன்னது?"

"யாரா...? பார்த்தேன்!"

"எப்போ? நின்ன தறியோட வேகத் திரை பூஜ்யம்தானே காட்டும்? நீங்க வந்தப்போ அது நின்னு ஒரு மணி நேரமாச்சே."

"அது... ஃபிர்மினோ..."

"அவர் வேகத்தைக் கூட்டினதே இன்னைக்கு எட்டு மணிக்குத்தான். அது எனக்கும் என் தம்பிக்கும்தான் தெரியும். ஓடும்போது வந்து பார்த்தவனுக்கும் தெரியும்!"

காஷ்பார் ஓரடி பின்வாங்கினார்.

இன்ஸ்பெக்டர் நெற்றியைச் சுருக்கினார். "ஆனா ஐநூறுன்னா எட்டு இருபத்துநாலு வருதேம்மா...?"

"நானூறும் பொய், நூல் கணக்கும் பொய்தான் சார். இவர் வாயைக் கிளறத்தான் அப்படிச் சொன்னேன். உண்மையில குறைஞ்சது முப்பதாயிரம். நீங்களே எடை போட்டுப் பாருங்க. ஆயிரத்தால வகுங்க."

"முப்பது நிமிஷம்... அப்பவும் எட்டரை!"

"காரணமும் இருக்கு சார். போன மாசம் இங்கே ஒரு பொண்ணோட கை தறியில நசுங்கிப் போச்சு. பாதுகாப்புத் தகட்டைக் கழட்டச் சொன்னது இவர்தான்னு நாளைக்குக் கோர்ட்ல சொல்ல இருந்தார் ஃபிர்மினோ."

வாசலை நோக்கி ஓடிய காஷ்பாரை இரண்டு கான்ஸ்டபிள்கள் அமுக்கினார்கள். அபீலியோவின் விலங்கு கை மாறியது.

ஒட்டீலியா அப்போதுதான் அழுதாள்... தம்பிக்காகவும், தரையில் கிடந்தவருக்காகவும்.

"நான் வக்கீலைப் பார்க்கணும்!" காஷ்பார் கத்தினார்.

"தாராளமா!" என்றார் கெய்ரோஷ். "ஆனா வாயைக் கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க சார்... ஐநூறு உங்களுக்கு ஒத்துக்கல!"