மேயருக்குக் கட்டிய பட்டி

முந்தின நாள் மாலை பட்டிச் சுவருக்கு ஒதீல் அடுக்கிவிட்டுப் போனது மூன்று வரிசைக் கல். காலையில் நான்கு வரிசை இருந்தது.

காபிக் கோப்பையோடு சீமைப்பலா மரத்தடியில் நின்று மறுபடியும் எண்ணிப் பார்த்தாள். கீழே உள்ள மூன்றும் அவள் கைவேலைதான். கோணல்மாணலாக, இடுக்கெல்லாம் சல்லி திணித்து, எங்கே பார்த்தாலும் அவசரம் தெரிந்தது. மேலே இருந்த நான்காவது வரிசை அப்படி இல்லை. கல்லோடு கல் கத்தி நுழையாதபடி பொருந்தி உட்கார்ந்திருந்தது. குனிந்து முகர்ந்தாள். கல்லில் ஜாதிக்காய் வாசனை அடித்தது.

புருஷன் ரெனால்த் அன்றைக்குத்தான் சூரை மீன் பிடிக்கும் கப்பலில் ஏறப் போகிறான். திரும்பி வர மாதக் கணக்காகும்.

"எண்ணத் தெரியாமப் போச்சா உனக்கு?" என்று பையைக் கட்டிக்கொண்டே சிரித்தான். "எவனோ நல்லவன் உதவி பண்ணியிருக்கான். விடேன்."

"நம்ம குன்றுல நல்லவன் யாரு இருக்கான், எனக்குத் தெரியாம?"

அவன் குழந்தை மிரேயின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான். மிரேய்க்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள்.

பட்டி மேயருக்காக. மேயர் என்பது விரித்த கையளவே உள்ள ஆமைக்குட்டி. தலையைத் தூக்கிக்கொண்டு, ஊரையே மேற்பார்வை பார்க்கிற தோரணையில் நடந்ததால் ஒதீல் வைத்த பெயர். குழந்தையின் ஞானஸ்நானத்தன்று ரெனால்தின் சித்தப்பா இம்பேர் அதை ஒரு கூடையில் கொண்டுவந்து கொடுத்தார். அவர்கள் தீவின் பழைய குடும்பங்களில் பெண் பிறந்தால் முற்றத்தில் ஒரு ஆமைக்குட்டியை விடுவார்கள். பெண்ணும் ஆமையும் சேர்ந்து வளரும். அவள் கல்யாணத்தன்று ஆமையை வெட்டி விருந்து வைப்பார்கள். இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை, ஆனால் இம்பேர் பழைய ஆள்.

"மாமா, இதை ஒருத்தரும் வெட்ட மாட்டாங்க," என்றாள் ஒதீல், அத்தனை பேர் முன்னாலும். "எம்பொண்ணு கல்யாணத்துக்கு இது தொப்பி போட்டுக்கிட்டு கோயில்ல முன் வரிசையில உக்காரும்."

எல்லாரும் சிரித்தார்கள். இம்பேர் மட்டும் சிரிக்கவில்லை. "பொண்ணு பேரைச் சொல்லிப் பட்டி கட்டினா, அதுக்குள்ள விருந்துக்குன்னு ஒண்ணு வளர்ந்தாகணும்மா. எதுன்னு பட்டிக்குக் கவலை இல்ல."

"அப்ப உங்களையே விட்டு வளக்குறேன் மாமா. நல்லா கொழுகொழுன்னுதான் இருக்கீங்க."

ஒதீல் அப்படித்தான். அவளுக்குப் பயம் வந்தால் முதலில் கோபமாகத்தான் வரும்.

கல்லடுக்கில்தான் அவசரம், பட்டியில் மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தாள். ஆமை தோண்டும் என்பதால் முழங்கை ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி அடிக்கல் இறக்கினாள். கம்பி வலையால் சுவர் வைத்தால் வெளியே தெரிவதைப் பார்த்து அது நாளெல்லாம் முட்டிக்கொண்டே கிடக்கும், கல்லாக இருந்தால் உலகம் இவ்வளவுதான் என்று அடங்கிவிடும். பாதிக்கு வெயில், பாதிக்கு நிழல். மூழ்கிவிடாதபடி தட்டையான தண்ணீர்த் தட்டு. எலிக்கும் நண்டுக்கும் ஆந்தைக்கும் பயந்து மேலே வலை, பக்கத்தில் ஒரு பலகைக் கதவு. உள்ளே போனது தானாக வெளியே வர முடியாது. அதில் அவளுக்குப் பெருமைதான்.

ரெனால்த் போன மறுநாள் காலை மேயர் சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தது. பட்டிக் கதவு மூடியே இருந்தது. வலை கட்டியபடியே இருந்தது, ஆனால் முடிச்சு அவள் போட்டதில்லை. உள்ளே அவள் வைத்த புல்லும் செம்பருத்தி இலையும் ஒரு மூலையில் ஒதுக்கிக் கிடந்தன. நடுவில் வாழை இலையில் தேங்காய்ப்பாலில் வெந்த வாழைப்பழம், பாதி தின்றது. மிச்சத்தில் வழித்த தடம். சின்ன விரல்களின் தடம்.

அன்றைக்கு மிரேய் பால் குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வயிறு கல்லாக இருந்தது. ஏப்பம் விட்டாள். ஜாதிக்காய்.

பக்கத்து வீட்டு லுசெத் துணி காயப்போட வந்தவள் குழந்தையைத் தூக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாடி, என்ன கனம்! ரெண்டே நாள்ல இப்படி ஊதியிருக்காளே. என்னத்தடி குடுக்குற?"

"நான் ஒண்ணும் குடுக்கலக்கா," என்றாள் ஒதீல். சொன்ன பிறகுதான் அந்த 'நான்' அவளுக்கே உறைத்தது. குழந்தையின் கையைப் பிரித்துப் பார்த்தாள். நகத்துக்குள் கருப்பு மண்.

அன்று மதியமே கடப்பாரையை எடுத்து மேல் வரிசையைத் தள்ளினாள். ஒவ்வொரு கல்லையும் உருட்டி ஓடையில் விட்டாள். குளித்து வந்து பார்த்தபோது அவை திரும்ப அதே இடத்தில், ஈரம் சொட்ட, உட்கார்ந்திருந்தன. மேலே இன்னொரு வரிசையும் சேர்ந்திருந்தது. அதில் ஒரு கல்லை இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்தாலும் தூக்க முடியாது.

"யாருடா நீ?" என்று மரங்களைப் பார்த்துக் கத்தினாள். "தைரியம் இருந்தா பகல்ல முன்னால வாடா!"

இலவங்க மரங்களுக்குள் பழந்தின்னி வௌவால்கள் கூட அசையவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த லுசெத் அவள் கையைப் பிடித்தாள். "பாப்பாவத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துரு. இன்னைக்கே வா."

"மீன் தொழிற்சாலையில நின்னு நின்னு காலு வீங்கிக் கட்டுன வீடுக்கா இது. கல்லுக்குப் பயந்துக்கிட்டு ஓடச் சொல்றியா? விடிஞ்சதும் அடியோட பேத்துப் போடுறேன் பாரு."

தொட்டிலைத் தன் கட்டிலோடு சேர்த்துக் கட்டினாள். ஜன்னலுக்குக் குறுக்கே பலகை அறைந்தாள். மாலையில் மழை பிடித்தது. தகரக் கூரையில் அது கொட்டுகிற சத்தத்தில் வேறெந்தச் சத்தமும் கேட்காது என்பது அவளுக்கு நிம்மதியாக இருந்தது, ஆனாலும் தொட்டிலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். குழந்தை தூங்கியதும் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, மண் சட்டியில் மீன் குழம்பைச் சூடாக்கப் போனாள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மின்சாரம் போனது. ஈர மண், மீன், மண்ணெண்ணெய் வாசனைகளுக்கு நடுவே அந்த ஜாதிக்காய் மெல்ல மெல்ல ஏறி வந்தது.

கதவின் அடியில் ஏதோ முட்டியது.

டொக்.

திறந்தாள். மேயர். நனைந்து, தலையைத் தூக்கிக்கொண்டு, உள்ளே வர வழி கேட்டது.

அப்படியென்றால் பட்டி காலி.

ஓடினாள். பூட்டு பூட்டியபடி. பலகை அறைந்தபடி. தொட்டில் வெறுமையாக, இன்னும் சூடாக இருந்தது.

மழைக்குள் ஓடினாள். பட்டிச் சுவர் அவள் மார்பளவுக்கு வளர்ந்திருந்தது. வலையைக் காணோம். பலகைக் கதவு இருந்த இடத்தைக் கையால் தடவினாள். கல். சுற்றி வந்தாள். கல். கல். எங்கும் கதவு இல்லை.

உள்ளே குழந்தை சிரித்தது.

ஒதீல் யோசிக்கவில்லை. பிடித்து ஏறி உள்ளே குதித்தாள். ஒரு துளி மழை உள்ளே விழவில்லை. மண் வெதுவெதுப்பாக இருந்தது. மிரேய் அளவாகப் பறித்த குழியில், காய்ந்த இலை மெத்தையில் உட்கார்ந்திருந்தாள். வாயெல்லாம் பூசணிக்காய் மசியல். அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தோளுக்கு மேலே பார்த்து, இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

ஒதீல் குழந்தையை வாரி எடுத்தாள். திரும்பினாள். மார்பளவு இருந்த சுவர் தலைக்கு மேலே நின்றது.

மேலே கல் கல்லோடு உரசியது. நிதானமாக. பொருந்தும் வரை திருப்பித் திருப்பி வைக்கிற சத்தம்.

"கட்டுடா!" என்று அலறினாள். "நீ கட்டக் கட்ட நான் இடிப்பேன்! எம்பிள்ளைய நீ தொட முடியாது!"

தோளால் மோதினாள். நகத்தால் இடுக்கைத் தேடினாள். நகம் பெயர்ந்தது. இடுக்கே இல்லை. பின்னால் எடுத்து வைத்த கால் பள்ளத்தில் இறங்கியது. குனிந்து தடவினாள்.

இன்னொரு குழி. நீளமாக, பெரிய ஆள் படுக்கிற அளவுக்கு. இலை பரப்பியிருந்தது. தலைமாட்டில் வாழை இலை. அதில் பூசணிக்காய், ஆவி பறக்க.

அவளுக்கு அழுகை வரவில்லை. இலையோடு அள்ளிச் சுவருக்கு மேலே வெளியே வீசினாள். "நான் திங்க மாட்டேன்! என் பொண்ணும் திங்க மாட்டா!"

உரசல் நின்றது. வெளியே யாரோ ஈர மண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கத்தி பலகையில் படும் சத்தம்.

சுவருக்கு மேலே இருந்து வாழை இலை மெதுவாக இறங்கி வந்தது. பூசணிக்காய் இந்த முறை இன்னும் சின்னச் சின்னத் துண்டாக, தோல் சீவி, ஊட்டிவிடத் தோதாக நறுக்கியிருந்தது.