பூனை தூங்கிய தொட்டி

இருபது வருஷம் கசாப்புக் கூடத்தில் பன்றி தூக்கிய இடுப்பு, இப்போது தீவன டாக்டரின் உதவியாளாக இருக்கும் பாலேவுக்கு. காரில் ஏறும்போதே வலி உயிரை வாங்கியது. விடிந்ததும் ஆபீஸ் வாசலில் வந்து நின்ற பன்றிப் பண்ணைக்காரன் கிராவர்ஸ், வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான்.

“பால் மறந்த குட்டிங்க, டாக்டரம்மா. நானூறும் பேதியாக் கழியுது. தீவனம் கலக்குற டோரல்தான் எடையைக் கோட்டை விட்டுட்டான். இந்த வாரத்தோட அவனை ருமேனியாவுக்கே அனுப்பிடுவேன்.”

தீவன டாக்டர் இங்கலிஸ் ஜன்னல் வழியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலவைக் கூடத்தில் டோரல் எடைச் சீட்டுகளை நீட்டினான். பாலே ஆவலாய்ப் புரட்டினான். ஒரு கிராம்கூடப் பிசகவில்லை.

பக்கத்தில் சோயா வறுக்கும் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. சூடு காட்டும் பலகையில் நூற்று முப்பது டிகிரி. வறுத்தது விழும் தொட்டியில், சோயாவின் மேலேயே சுருண்டு, ஒரு செம்பூனை தூங்கியது. சுவரோரம் வறுத்த சோயா இருபது மூட்டை, சில பாதி காலி.

“இதை வறுத்தது யாரு?” என்றாள் இங்கலிஸ்.

“நான்தான்,” என்றான் கிராவர்ஸ். “வறுவலை யார்கிட்டயும் விடமாட்டேன். சனிக்கிழமை வறுத்தது. அன்னிக்குப் பொண்ணுக்குச் சர்ச்சுல திடப்படுத்தல் சடங்கு. பதினோரு மணிக்குக் கோயில்ல இருக்கணும்.”

“அதுக்குள்ள இருபது மூட்டையா?”

“அந்த நேரத்துக்குள்ள எப்பவும் எட்டு மூட்டைதான் தூக்குவேன்,” என்றான் டோரல் மெதுவாக.

இங்கலிஸ் ஒரு மூட்டையிலிருந்து எடுத்த சோயா மாவில் ஒரு கரைசலைச் சொட்டினாள். கொஞ்ச நேரத்தில் அம்மை போட்டதுபோலச் சிவப்புப் புள்ளிகள்.

“வெந்திருந்தா ஒண்ணு ரெண்டு புள்ளிதான் வரும். இது பச்சை சோயா. குட்டி வயித்துல செரிக்காது.”

“நூத்து முப்பது காட்டுதே, டாக்டரம்மா.”

“அது உள்ள ஓடுற காத்தோட சூடு. சோயாவோட சூட்டைப் பூனை காட்டுது. சரியா வறுபட்டதுமேல எந்தப் பூனைய்யா படுக்கும்? கோயிலுக்கு நேரமாச்சுன்னு உருளை வேகத்தைக் கூட்டுனே. திரும்பக் குறைக்கலை. சோயா வேகறதுக்குள்ள வெளிய விழுது.”

“அப்போ சாட்சி சொன்னது பூனைதான்,” என்றான் பாலே. இடுப்பு வலி மறந்திருந்தது.

கிராவர்ஸின் காது சிவந்தது. டோரல் போய் வேகத்தைக் குறைத்தான். அரை மணியில் பூனை எழுந்து, பாதத்தை உதறிவிட்டு நடந்தது.

“சோயாவை நிறுத்து,” என்றாள் இங்கலிஸ். “வாற்கோதுமையும் மீன்தூளும் கொடு. ரெண்டு நாள் கழிச்சுப் புதுசா வறுத்ததைச் சேரு.”

ஞாயிற்றுக்கிழமை டோரல் போன் செய்தான். “ஒன்பது குட்டி செத்துப் போச்சு, பாலே. மிச்சதெல்லாம் ஒண்ணையொண்ணு முட்டிக்கிட்டுத் தின்னுது.”

“உங்க முதலாளி என்ன சொன்னான்?”

“நாளைக்கு ஆறு மணிக்கு வேலைக்கு வரச் சொன்னான். உருளையையும் இனி நீயே பாத்துக்கோன்னான்.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லலை.”

டோரலின் வேலை தப்பியது. கிராவர்ஸ் டோரலிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு மட்டும் இன்னும் பாக்கி.