முழங்கால் பலகையின் ஈரம்

முழங்கால் பலகை மறுபடியும் நனைந்திருந்தது. ரெமிகியோ கூரையை அண்ணாந்து பார்த்தான். எங்கும் ஒழுகவில்லை. ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தான். உப்பு.

சிலோயே தீவில் மழைக்கா பஞ்சம்? ஆனால் மழை கரிக்காதே.

நாளை திருவிழா. பழைய மரக்கோயிலுக்குப் பொருந்த அவன் செய்த புதிய பாவசங்கீர்த்தனக் கூண்டில் சாமியார் வந்து உட்கார்ந்து, முழங்கால் பலகையில் மண்டியிடுபவர்களின் பாவ அறிக்கையைக் கேட்பார். அதற்குள் மகன் நெல்சன் கரை சேர்ந்துவிட வேண்டும். பட்டறை ரம்பத்தில் பாதி மோதிர விரலைப் பறிகொடுத்தபின், மரவேலையே வேண்டாமென்று மீன்பிடிக்கப் போனவன் அவன். புயலுக்குப் பிறகு படகிலிருந்து ஒரு தகவலும் இல்லை. காலையிலிருந்து ரெமிகியோ கூண்டின் ஒரே மூலையை இழைத்துக்கொண்டிருந்தான்.

கோயில் பொறுப்பாளர் எதெல்வினா மெழுகுவர்த்தியோடு வந்து கூண்டைத் தடவினாள்.

"அட, பழசோட பழசா நிக்குதே! இந்த நிறத்துல மரம் எங்கப்பா புடிச்ச?"

"வாசப்பக்கத் தரைப்பலகையப் பேத்தேன் அக்கா. அங்க புதுசு போட்டாச்சு. யாரு குனிஞ்சு பாக்கப் போறா?"

அவள் கை சட்டென்று விலகியது. "அடப்பாவி! அந்தக் காலத்துல வருஷத்துக்கு ஒரு தடவதான் சாமியார் படகு வரும். அதுக்குள்ள கடல்ல செத்துக் கரை ஒதுங்கினவங்கள அந்தப் பலகைக்கு அடியிலதான் பொதச்சாங்க. பாவசங்கீர்த்தனம் பண்ணாமப் போனவங்கடா!"

"நீங்க வேற! நெல்சன் வரட்டும், ரெண்டு பேருமா மாத்திடறோம்."

அவள் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இருட்டத் தொடங்கியதும், இருக்கை கிறீச்சிடுகிறதா என்று பார்க்க ரெமிகியோ கூண்டுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். மெழுகு வாசனைக்கு அடியிலிருந்து கடற்பாசி நாற்றம் மெல்ல எழும்பி மூக்கை அடைத்தது, வாசல் பக்கமிருந்து ஈரக் கால்கள் தரையில் இழுபடும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வந்து கூண்டருகே நின்றது.

முழங்கால் பலகை முனகியது.

"சாமி, பாவியாகிய என்னை ஆசீர்வதியும்..."

தண்ணீர் கொப்பளிக்கும் குரல்.

"நான் சாமியார் இல்ல," என்றான் ரெமிகியோ. "தச்சன். வெறும் தச்சன்."

கதவைத் தள்ளினான். இம்மி இடைவெளி இல்லாமல் அவனே பொருத்திய கதவு. அசையவில்லை.

முனகல். அடுத்தவர். அதே வார்த்தைகள். அடுத்தவர். வரிசை நகர்ந்தது.

பிறகு அமைதி.

இன்னும் ஒருவர் மண்டியிட்டார். பேசவில்லை. மூச்சு மட்டும். அந்த மூச்சை ரெமிகியோவுக்குத் தெரியும். தொட்டிலில் கேட்ட மூச்சு.

"வேண்டாம்," என்றான். "நீ இல்ல. நீ இல்லடா..."

இருவருக்கும் நடுவிலிருந்த மரச்சல்லடையின் துளைகள் வழியே வெளுத்த விரல்கள் நுழைந்தன. அவன் முழங்காலில் உப்புநீர் சொட்டியது.

மோதிர விரல் பாதிதான் இருந்தது.