விளக்கை அணைத்ததும் ஓர் இருமல்

"அண்ணே, செத்தவரு இருமுவாரா?"

விளாங்குடியில் துப்பறிவாளர் இம்மானுவேலின் அறைக்கு வந்த கனகா கேட்ட முதல் கேள்வியே இதுதான். உதவியாளர் பவதாரிணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பேய் கேஸ் என்றால் அவளுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி.

கனகாவின் கணவர் சிவனாண்டி போன சித்திரையில் நண்பர் சித்தார்த்துடன் பூட்டானுக்குப் போனார். சித்தார்த் மட்டும் திரும்பி வந்தார். சிவனாண்டி மலைச்சரிவில் விழுந்துவிட்டார், உடம்பு கிடைக்கவில்லை என்றார். மதுரை பூட்டான் நட்புறவுக் கழகத்தின் செயலாளரும் இந்த சித்தார்த்தான். மாதாமாதம் கூட்டம் போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, அந்த நாட்டைத் திரையில் காட்டிப் பேசுவார்.

"தை மாசத்துலருந்து நானும் போறேண்ணே. இருட்டுனதும் அவரு இருமுறாரு. ரெண்டு வறட்டு இருமல், அப்புறம் ஒரு செருமல். எம்புட்டு வருஷம் பக்கத்துல படுத்துக் கேட்டது! திரும்பிப் பாத்தா யாருமில்லை. நாளைக்கு வருஷத் திதி. உசுரோட இருக்கிறவருக்கு நான் எப்படிண்ணே எள்ளுந்தண்ணியும் இறைப்பேன்?"

"இன்னைக்குக் கூட்டம் இருக்கா?"

"சாயங்காலம், வண்டியூர்ல."

தெப்பக்குளத்துப் பக்கம் நடக்கும்போது ஒரு மொட்டைமாடியிலிருந்து மிளகாய் நெடி இறங்கியது. பவதாரிணி அடுக்கடுக்காகத் தும்மினாள். "சித்திரை வந்தா ஊரே வத்தல் போட்டுருது சார்!"

மண்டபத்தில் பாதி நாற்காலி காலி. பவதாரிணி பேயைத் தேடி மேடைக்கடியில் வேறு புகுந்து பார்த்தாள். தலையெல்லாம் ஒட்டடை, வேறொன்றும் அகப்படவில்லை.

சித்தார்த் நன்றாகவே பேசினார். அதைச் சொல்லாமலிருக்க முடியாது. "நாங்க போனப்ப ஆப்பிள் மரமெல்லாம் பூத்து நின்னுச்சு. மிளகா நாத்து அப்பத்தான் விட்டிருந்தாங்க. அங்க ஒரே போகம், மழை முடிஞ்சு புரட்டாசியிலதான் பழுக்கும். அங்க மிளகாதான் காய்கறியே!" கூட்டம் சிரித்தது.

விளக்கு அணைந்தது. "இது மாப்ள சிவனாண்டி சாகுறதுக்கு முந்தின நாள் நான் எடுத்த வீடியோ."

பள்ளத்தாக்கில் வீடுகள். கூரையெல்லாம் சிவக்கச் சிவக்க மிளகாய் காய்ந்தது. காற்று இரைந்தது. அப்போது கேட்டது. இரண்டு வறட்டு இருமல், ஒரு செருமல்.

கனகாவின் கை பவதாரிணியின் மணிக்கட்டைப் பற்றியது. பேய்க்கு ஆசைப்பட்டவள் இப்போது நாற்காலியோடு அவள் பக்கம் ஒட்டிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு இம்மானுவேல் அதே வீடியோவை ஒலியில்லாமல் போடச் சொன்னார். இருமல் இல்லை. ஒலியோடு போட்டால் இருந்தது.

"இம்புட்டுத்தானா?" என்றார் சித்தார்த். "நான் எடுக்கையில மாப்ள பக்கத்துல நின்னு இருமியிருப்பான். நான் கவனிக்கலை."

கனகா தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், அவள் நம்பிக்கை அந்த நொடியே போய்விட்டது.

"எப்ப எடுத்தது?" என்றார் இம்மானுவேல் நிதானமாக.

"சித்திரையில."

"சித்திரையில நாத்துதான் விட்டிருந்தாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? நாத்தா கூரையேறிக் காயுது?"

சித்தார்த் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"நம்மூர்ல சித்திரையிலதான் வத்தல் காயும். பாத்துப் பழகின கண்ணு, உங்களுக்கு உறுத்தலை. பவதாரிணி தும்மலைன்னா எனக்கும் உறுத்தியிருக்காது. இது புரட்டாசியில எடுத்த படம். அப்ப நீங்க மதுரையில மைக் பிடிச்சுப் பேசிட்டிருந்தீங்க. எடுத்து அனுப்பினவர் சிவனாண்டி. கேமராவுக்குப் பின்னால இருமினதும் அவர்தான்."

சித்தார்த் மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். "அங்க ஒரு ஆப்பிள் தோட்டத்துல இருக்கான். இனி ஊருக்கு வரலை, செத்துட்டேன்னு சொல்லிருன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். சிநேகிதன் கேட்டான், செஞ்சேன். மன்னிச்சுரு தங்கச்சி."

கனகா அழவில்லை. "இன்னொரு தடவை போடுங்க" என்றாள். இருட்டில் அந்த இருமல் மறுபடி கேட்டது.

"சளி இன்னும் கரையலை" என்றாள். "மருந்து குடிக்க மாட்டாரு."

வாசலில் பவதாரிணிதான் மெல்லக் கேட்டாள். "அக்கா, அப்ப நாளைக்குத் திதி வேண்டாம்ல?"

"ஏன் வேண்டாம்? வருவாரோ வருவாரோன்னுதான் எள்ளு இறைக்கத் தயங்குனேன். செத்த தேதியை அவரே குறிச்சுக் குடுத்துட்டாரு. அதை நான் எதுக்கு மாத்தணும்?"

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

"மளிகைக்கடை தொறந்திருக்குமா? எள்ளு வாங்கணும்."